பன்னிரண்டு அங்குலச் சத்தம்

காருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவனிடம் என்ன கேட்க வேண்டும்? என்ன கார், எந்த மாதிரி பாட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்பீர்களா இறக்கிவிட்டா? கள்ளக்குறிச்சியில் நான் போன கடைக்காரர் இதில் எதையும் கேட்கவில்லை. "எந்த ஊருங்க?" என்றார். எலவனாசூர்கோட்டைப் பக்கம் என்றேன். "ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

சுருக்கென்றது. எங்கள் ஊர்களில் ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் என்ன சாதி என்று கேட்பதாகத்தான் அர்த்தம். எதிர்த் தெருச் சாதிக்காரர்கள் ஒதுக்கீடு கேட்டு ஆங்காங்கே மறியல் செய்துகொண்டிருந்த நேரம் வேறு. நான் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். பழைய கார்தான், ஆனால் என் பெயரில் இருக்கிற கார். எங்கே நிற்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று பிறந்ததிலிருந்து யாராவது எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்ல முடியாத இடம் அந்த டிரைவர் சீட் ஒன்றுதான். அதிலும் ஒருவன் வந்து கை வைத்தால் விடுவதில்லை என்று இருந்தேன்.

நான் பதில் சொல்வதற்குள் அவரே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, டப்பாவிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார். சாதிக்கு ஒன்று வைத்திருந்தார், கலர் கலராக. எங்கள் ஆட்களின் பாட்டு வந்தது. ஸ்பீக்கரைச் சோதித்துக் காட்ட இதைத்தான் போடுவாராம். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். எனக்கு வேண்டியது பாடுகிறவர் குரல் தெளிவாகக் கேட்கிற ஸ்பீக்கர். முன்கதவுகளுக்கு நல்லதாக ஒரு ஜோடி, அடிச்சத்தத்துக்கு சீட்டுக்கு அடியில் அடங்குகிற சின்ன சப்வூஃபர் ஒன்று, அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"சின்னது உள்ள இருக்கறவங்களுக்குத்தாங்க கேக்கும். எதிர்த்த தெருவுக்குக் கேக்க வேணாமா? அவங்கல்லாம் பன்னெண்டு இஞ்ச் மாட்டிக்கினு போறாங்க. நீங்க இன்னா கம்மியா?"

எதிர்த் தெருக்காரன் வந்தாலும் இதே வசனத்தைத்தான் அவனிடமும் சொல்வார் என்று தெரியும். தெரிந்தும் அந்தக் 'கம்மி' என்னைக் கிளப்பிவிட்டது. பன்னிரண்டு அங்குலத்தையே எடுத்தேன். டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டு, பின்சீட்டுக்கு மேலே தலை தெரிய அந்தப் பெட்டி உட்கார்ந்தது.

சில நாள் கழித்து அம்மாவை மலைமேல் இருக்கிற கரியாலூருக்கு அழைத்துப் போனேன். மரவள்ளி பிடுங்கும் கூலிக்கு லாரியின் பின்னால் நின்றுகொண்டு அந்த மலைக்குப் போனவள் அம்மா. பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து போனது அன்றைக்குத்தான். அருவியைப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போது, வடக்கனந்தலுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் கல்லை உருட்டிப் போட்டு மறித்திருந்தார்கள்.

ஒதுக்கீடு கேட்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. கேட்கட்டும், கிடைக்கட்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் என் தங்கை ஒருத்திதான், அவள் மிதித்ததும் ஒதுக்கீட்டில்தான். ஆனால் அங்கே நின்ற பையன்கள் கேட்டது வேறு. ஜன்னல் வழியாகத் தலையை விட்டு எந்த ஊர், எந்தத் தெரு என்றார்கள். நான் பொய் சொல்லவில்லை. பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்து ஒருவன் சிரித்தான்.

"செட்டு பெருசாதான் வெச்சிக்கினு இருக்கற. எங்க பாட்டப் போடு, கேப்போம்."

சொல்லிக்கொண்டே என் கையைத் தள்ளிவிட்டுத் தன் போனை புளூடூத்தில் என் செட்டோடு இணைத்தான். அவர்கள் பாட்டன்மார் ஆண்டதையும் மற்றவர்கள் கைகட்டி நின்றதையும் பாடுகிற பாட்டு. "ஜாஸ்தி வை," என்றான். வைத்தேன். "இன்னும்." வைத்தேன். நான் காசு கொடுத்து வாங்கிய பெட்டி என் அம்மாவின் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் வண்டியில் இல்லையென்றால் கதவைத் திறந்துகொண்டு இறங்கியிருப்பேன்.

கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டு மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். "பாட்டு நல்லா கீதுங்க தம்பி," என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கல்லை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் போனின் தொடர்பு அறுந்து பாட்டு தானாக நின்றது. அம்மாவின் கை அதற்குப் பிறகும் மடியில் தட்டிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "அந்தப் பாட்டு நம்மள இன்னா சொல்லுதுன்னு உனக்குப் புரியலியா?"

"புரியாம இன்னா," என்றாள். "நீ மொறைச்சிக்கினே இருந்த. நாம வூடு வந்து சேரணும்னா யாராச்சும் ஒருத்தர் சிரிக்கணும் இல்ல?"