தலைக்கட்டு நோட்டில் இல்லாத வீடு

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்தியே தொடங்குகிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். என் அக்காவின் கல்யாணத்தைக் கலைத்தது ஜாதகம் அல்ல, சீர்வரிசை அல்ல. திருவிழா மேடையில் நான் பேசிய பேச்சு.

எங்கள் மீனவ ஊரான பட்டினச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போய் முதுகலைக் கணிதம் படித்துவந்தேன். பெருகியும் சுருங்கியும் வரும் ஒரு மக்கள்கூட்டத்தில் மரபணு வேறுபாடு எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கணிக்கும் மாதிரியே என் ஆய்வேடு. இன்று ஊர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது என்றோ மிகச் சிலராகச் சுருங்கியிருந்தால் அந்தச் சிலரின் மரபணுக்களே திரும்பத் திரும்ப வரும். என் சமன்பாட்டில் பெருத்த ஆண்டுகளைவிட இளைத்த ஆண்டுகளுக்கே வலு அதிகம்.

மாதிரிக்கு ஊரின் எண்ணிக்கை வேண்டும். ஊர்க் குடும்பங்களை ஆண்டுதோறும் எழுதிவைக்கும் பழைய தலைக்கட்டு நோட்டுகளைப் பஞ்சாயத்தாரிடம் கேட்டு வாங்கினேன். ஊர் எவ்வளவு பெரிது என்று வெளியாள் கேட்டால் நாங்கள் தலைக்கட்டைத்தான் சொல்வோம். நானும் சொல்லியே வளர்ந்தவன். கடல் ஆட்களை வாரிக்கொண்டுபோன ஆண்டுகளில் என் வரைகோடு அதலபாதாளத்தில் விழுந்தது. நான் மகிழ்ந்தேன். பள்ளி நாளிலிருந்தே பேச்சுப்போட்டிகளில் கோப்பை வாங்கிக் குவித்தவன் நான்; மேடைக்கு ஏற்ற கோடு அது.

“நாம் ஒரு சில குடும்பங்களின் நகல்கள்! இனி ஊருக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நம் பிள்ளைகளுக்கு நாமே வைக்கும் விஷம்!” என்று முழங்கினேன். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. ஒரு துளி இரத்தத்தைக்கூட நான் சோதித்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் அக்காவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் தாய் இருந்தார். அதே ஊர், தூரத்துச் சொந்தம். மூன்றாம் நாள் தாம்பூலத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

“கோச்சுக்காதீங்க அண்ணி. படிச்ச புள்ள, ஒங்க புள்ளயே சொல்லிட்டான். நாளைக்குப் பேரப்புள்ள கொறயில்லாம பொறக்கணும்ல?”

அவர் போனபின் அம்மா மீன்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அந்த நோட்டுல நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்? காட்டு.”

புரட்டினேன். அப்பாவின் பெயர் இருந்தது. அவர் கடலில் இறந்த ஆண்டில் அதன்மேல் சிவப்புக் கோடு. கீழே ஒன்றுமில்லை.

“அதுக்கப்பறம் நானும் அக்காவும் நீயும் எந்த ஊர்லடா இருந்தோம்?”

கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. அவர் செத்தால் பெயரைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். மகன் கல்யாணம் கட்டும்வரை அந்த வீடு நோட்டில் இல்லை. ஆண்கள் செத்த ஆண்டுகளில் நோட்டு இளைத்த அளவுக்குத் தெரு இளைக்கவில்லை. தாலியறுத்த வீடுகளிலும் பிள்ளைகள் வளர்ந்தார்கள், பெற்றுப் பெருகினார்கள். விடுபட்ட வீடுகளைத் தோராயமாகச் சேர்த்துப் போட்டபோதே என் பாதாளம் வெறும் பள்ளமாயிற்று. அது பாதாளமாகவே இருந்திருந்தாலும், ஊர் முழுமைக்கான கணக்கு இன்னாரை இன்னார் கட்டலாமா என்பதற்கு விடை சொல்லாது. அதையும் அறிந்தே முழங்கியிருந்தேன்.

மாப்பிள்ளையிடம் ஓடினேன். படகு எஞ்சினைத் துடைத்தபடியே சொன்னார்: “மச்சான், நீ வெட்டிப் பேசுனாலும் கைதட்டுவாங்க, ஒட்டிப் பேசுனாலும் தட்டுவாங்க. நான் எத நம்புறது? அம்மா திருவேட்டக்குடியில பொண்ணு பாத்து முடிச்சாச்சு.”

அக்கா அழவில்லை. “அலமாரியிலேருந்து ஒன் கோப்பையெல்லாம் எடு. கருவாட்டு டப்பா வைக்க எடம் வேணும்” என்றாள். அதற்குப்பின் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை மீன் ஏலம் விடும் இடத்துக்குப் போனேன். அம்மாவும் கூடைக்காரப் பெண்களும் இருந்தார்கள். பாதிப்பேர் நோட்டில் இல்லாதவர்கள். நான் தணிந்த குரலில் பேசத் தொடங்கியதும் ஒருத்தி சிரித்தாள்: “மைக் இல்லாட்டி தொண்ட வராதா தம்பி? சத்தமா சொல்லு!”

சத்தமாகச் சொன்னேன்: “நோட்டுல இல்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் வருவேன். இருக்குறவங்க, செத்தவங்க, பொறந்தவங்க எல்லாரையும் எழுதுவேன். முடிச்சதும் நான் சொன்னது தப்புன்னு அதே மேடையில ஏறிச் சொல்வேன். அதுவரைக்கும் மைக்கத் தொட மாட்டேன்.”