புதுப் புல்லில் கிடந்த மெழுகுவர்த்தி

துபாயில் எங்கள் வில்லாவுக்குப் புதுப் புல் விரித்தபோது ஜனவரி மாதம். குளிரோடு, உதட்டை வெடிக்க வைக்கும் வறண்ட காற்று. கம்பெனி அனுப்பிய தோட்டக்காரர் ராமநாதபுரத்துக்காரர். ஒடிசலான ஆள், காதை மூடி மப்ளர் கட்டியிருப்பார். வெயில் ஏறிய பிறகுதான் தண்ணீர் விடுவார். தினமும் ஒரு மூலையில் புல்லை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். அது மண்ணை விட்டுக் கையோடு எழும்பி வரும்.

"இன்னும் வேர் புடிக்கல சார். குளிர்ல லேட்டாத்தான் புடிக்கும். அதுவரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது."

அந்தச் சனிக்கிழமையே மகளின் பிறந்தநாளுக்கு அதன்மேல் நாற்பது நாற்காலி போட்டேன். அடுத்த வாரம் புல் திட்டுத் திட்டாகப் பழுத்தது. கம்பெனி சூப்பர்வைசர் வந்து, யாராவது மிதித்தீர்களா என்று கேட்டார்.

"யாரும் மிதிக்கலை. இவர்தான் ஒழுங்கா தண்ணி விடலை" என்றேன்.

சூப்பர்வைசர் திட்டித் தீர்த்தார். தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்தார். வண்டியில் ஏறப் போகும்போது, சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கேக்கில் செருகியிருந்த, ஐந்து என்ற எண் வடிவ மெழுகுவர்த்தி.

"காலைலயே புல்லுல கெடந்துச்சு சார். பாப்பா தேடும்."

மறுநாள் வேறொருவர் வந்தார். பழைய தோட்டக்காரரின் பெயர் தெரிந்திருந்தால் கம்பெனிக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய்தான். புதிதாக வந்தவரிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.