மிரட்டல் போஸ்டரில் என் சிரித்த முகம்

எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் போஸ்டர், கருமாதிக்கும் போஸ்டர். தெருவுக்குத் தெரு அச்சாபீஸ் இருக்கிற ஊரில் கோபம் வந்தாலும் போஸ்டர்தான். அப்படி ஒரு கோபம் என் மச்சினனுக்கு வந்தது.

அவன் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான். ஹெல்மெட் போடாமல் போனவனை எஸ்.ஐ. நிறுத்தி, கடைவீதியே பார்க்க வண்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டார். அபராதத்தோடு போயிருக்க வேண்டிய சங்கதி. இவன் அன்றைக்கே நாலு கலரில் போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டான்: ‘எங்களைச் சீண்டிய காவல் அதிகாரியே! உனக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. பள்ளிக்கூட வேன் வரும் நேரம் எங்களுக்கும் தெரியும்.’

நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு அவன் படம். பக்கத்தில் பெயர், தெரு, செல் நம்பர். மிரட்டுகிறவன் கொடுக்கிற விவரமா இது? போஸ்டர் என்றால் சொந்தபந்தம் இல்லாமல் முடியாதே, கீழ்வரிசையில் மூன்றாவதாக நான், கைகூப்பிச் சிரித்தபடி. அவன் மகள் காதுகுத்துக்குப் போட்ட அதே படம். அடியில் பிரஸ் பெயரையும் மறக்கவில்லை. அதைப் போடாவிட்டால் குற்றமாம். அந்த ஒரு சட்டம் மட்டும் அவனுக்கு மனப்பாடம்.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற வேனில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பிக் கேட்டாள்: “என்னண்ணே, போலீசை மிரட்டிட்டு அம்புட்டுச் சிரிப்பாச் சிரிக்கீக?”

அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. எட்டாவதோடு நின்றவன் நான். சட்டத்தை டீக்கடையில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம்தான் கேட்டுக்கொண்டேன். அதிகாரியை வேலை விஷயமாக மிரட்டினால் இரண்டு வருஷம் வரை போடலாமாம். அவருக்கு வேண்டியவர்களை மிரட்டினாலும் அதே. கொல்லுவேன் என்றால் ஏழு வரைக்கும் போகுமாம். பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றால் எத்தனை என்று கேட்டேன். அதை ஜட்ஜுதான் பார்த்துச் சொல்லணும் என்று டீயை ஆற்றினார்.

மச்சினனைப் பிடித்து உள்ளே வைத்த கையோடு என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் போஸ்டர் விரித்திருந்தது. எஸ்.ஐ. கத்தவில்லை.

“எம்பொண்ணு ரெண்டு நாளாப் பள்ளிக்கூடம் போகலை. அவ அம்மா விடமாட்டேங்கா. இதுல சிரிக்க என்னய்யா இருக்கு?”

முகம் தெரியாத அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது. கூடவே இன்னொரு பிள்ளையும் நினைவுக்கு வந்தது. எங்கள் கம்பெனியில் ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்த போர்மேன், ‘வெளிய சொன்னா உன் பிள்ளை வீடு வந்து சேராது’ என்றான். அவள் இதே ஸ்டேஷனுக்குத்தான் வந்தாள். சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். போலீஸ் வீட்டுப் பிள்ளைக்கு உடனே கிடைத்த சட்டப் பிரிவு, அவள் பிள்ளைக்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் அகப்படவில்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பிரிவு வைத்திருப்பார்களோ என்னவோ.

எனக்குத் தெரியாமல் போட்ட படம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, சுவரோரம் நிறுத்தி ஒரு போட்டோ பிடித்து அனுப்பினார்கள். அவனை ரிமாண்டு செய்தார்கள்.

ஜாமீன் கிடைத்துவிடும் என்று தெரிந்ததும் பிரஸ்ஸுக்கு ஓடினேன், என் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்தே அழிக்கச் சொல்வதற்கு. டிசைன் போடுகிறவர் முன்னால், ‘சிறை மீண்ட சிங்கமே, வருக’ பாதி முடிந்து நின்றது. கீழே நான், கைகூப்பிச் சிரித்தபடி. இந்தத் தடவை முதல் ஆள்.

எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

“உங்க வீட்டு அக்கா காலையிலயே போன் போட்டு, உங்க படத்தை முன்னாடி வைக்கச் சொல்லிட்டாக,” என்றார் அவர். “என்னால எடுக்க முடியாதுண்ணே. வேணும்னா சிரிக்காத படம் ஒண்ணு குடுங்க, மாத்திர்றேன்.”

சிரிக்காத படம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது ஸ்டேஷனில் இருக்கிறது.