ஜுரேமாவின் நேர்ச்சையும் நகமளவு இரும்பும்

ஜுரேமாவின் கல்யாணம் முறிந்தபோது வீடு கணவனுக்குப் போனது, கோம்பி வேன் அவளுக்கு வந்தது. சமமான பங்கு என்று நீதிபதி எழுதினார். அந்த வேனை ஒரே ஒரு தடவை மழையில் மேடேற்றிப் பார்த்திருந்தால் அந்த மனிதர் பேனாவைத் தொட்டிருக்க மாட்டார்.

அதற்கப்புறம் முப்பத்தோரு வருடம், மினாஸ் மலைநாட்டின் அந்தச் சின்ன ஊரில், கருங்கல் பாவிய தெருக்களில் அவள் முட்டை விற்றாள். கூரையில் குழாய் ஒலிபெருக்கி. அதில் கூவுவது அவளுடைய பழைய பதிவு. சளி பிடித்திருந்த ஒரு நாளில் பேசியது. ஊர் இருபது வருடமாக அதே சளியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதிவில் விலையும் பழையதுதான். "முப்பது முட்டை மூணு ரியால்" என்று குழாய் சொன்னதும், "பொய்! நம்பாதீங்க!" என்று ஜன்னல் வழியே தலையை நீட்டி இன்றைய விலையைக் கத்துவாள். தன்னோடு தானே தெருவில் நின்று சண்டை போடும் வியாபாரியை ஊர் எப்படியோ நம்பியது.

பக்தி அவளுக்கு அளவானது. ஞாயிறு பூசைக்குப் போவாள். பிரசங்கம் தொடங்கியதும் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வெளியே வந்துவிடுவாள். ஆனால் ஓட்டுநர்களின் காவலரான புனித கிறிஸ்தோபரின் பவனி ஜூலையில் வரும்போது, சுரூபத்தைச் சுமப்பது அவளுடைய வேன்தான். இருபத்திரண்டு வருடமாக. தொடக்கத்தில் இதில் பெருமை ஒன்றும் இல்லை. சுரூபத்தின் பீடம் வேறு எந்த வண்டியின் கூரைச் சட்டத்திலும் உட்காரவில்லை, அவ்வளவுதான். பிறகு அவளுக்கு அது ருசித்துவிட்டது. மற்ற நாளெல்லாம் அவள் ஊருக்குப் பின்னால் போனாள். அந்த ஒரு நாள் ஊர் அவளுக்குப் பின்னால் வந்தது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

இந்த வருடம் அது கைநழுவும் போலிருந்தது. காரணம், அவளுடைய நேர்ச்சை.

ஏப்ரலில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. மருத்துவரின் அட்டையில் கடைசி இரண்டு வரிகள் அவளுக்கு எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். "தேறிட்டேன்னா வண்டி முழுக்க நீலம் அடிக்கிறேன். நகமளவு இரும்புகூட வெறுமனே விடமாட்டேன்" என்று புனிதரிடம் நேர்ந்துகொண்டாள். தேறினாள். புனிதர் உதவினாரா, அவளுக்கு முன்னால் நின்ற ஆள் உரக்கப் படித்தது உதவியதா என்று அவள் ஆராயவில்லை. சில நன்மைகளைக் கிளறாமல் விடுவதே மரியாதை.

பெயிண்டர் நேர்மையான ஆள், அதுதான் வினையாயிற்று. கதவின் உள்மடிப்பு, இருக்கையின் அடி, பின்பக்க என்ஜின் அறை என்று ஒன்றையும் அவன் விடவில்லை. வேன் வீடு திரும்பிய அன்றே ஸ்பீடோமீட்டரில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. டைனமோ பேட்டரிக்கு சார்ஜ் தரவில்லை என்று அர்த்தம். ஒத்திகையின்போது பாதி மேட்டிலேயே புனிதரின் தலையைச் சுற்றியிருந்த பன்னிரண்டு பல்புகளும் அணைந்தன. ஒலிபெருக்கியில் ஜெபமாலை நடு வாக்கியத்தில் நின்றது.

விழாக் குழுத் தலைவர் அதெமார் இதற்காகவே காத்திருந்தது போல, பெயருக்கு முன்னால் 'அம்மா' என்பது போன்ற 'தோனா'வைச் சேர்த்துப் பேசினார். அவர் புதிதாக ஒரு வெள்ளி நிற பிக்கப் வாங்கியிருந்தார். "சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து பாப்பேன், தோனா ஜுரேமா. அந்தச் சிவப்பு விளக்கு அணையலேன்னா ஞாயித்துக்கிழமை புனிதர் என் வண்டியில."

சனிக்கிழமை மதியம், டைனமோவின் மின்சாரத்தை அளந்து பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரை ஜுரேமா தானே மாற்றினாள். இதற்கு முன்பே இரண்டு மாற்றிய கை அது. பேட்டரி வயரைக் கழற்றி, பழைய தகரப்பெட்டியை அவிழ்த்து, எந்த வயர் எங்கிருந்தது என்பதை உரக்கச் சொல்லிக்கொண்டே புதியதைப் பொருத்தினாள். வண்டியை முடுக்கி ஆக்சிலேட்டரை மிதித்தாள். சிவப்பு விளக்கு ஒரு மூச்சு நேரம் அணைந்தது. பிறகு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது.

இரண்டு வீடு தள்ளியிருந்த எலக்ட்ரீஷியன் பெல்மீரோ, அவள் திட்டுவதைக் கேட்டு, காபிக் கோப்பையோடு வந்தான். வண்டிகளின் வயரிங்கைத் தவிர வேறு எதையும் நம்பாத ஆள்.

"என்ன தோனா, புனிதர் கைவிட்டுட்டாரா?"

"அவர் எங்க கைவிட்டாரு? கடைக்காரன்தான். புதுசுன்னு சொல்லி செத்ததைக் கட்டிக் குடுத்துட்டான்."

"பழசு எங்க?"

"குப்பைத் தொட்டியில."

பெல்மீரோ அதை எடுத்து மூடியைத் திறந்தான். "இதுக்கு என்ன கேடு? பாயிண்ட் ரெண்டும் பால் பல்லு மாதிரி பளபளன்னு இருக்கு. தப்பே செய்யாதவனைத் தூக்குல போட்டுட்டீங்களே."

"அப்ப தப்புப் பண்ணினது யாரு?"

அவன் ஒரு துண்டு வயரை எடுத்தான். ஒரு முனையைப் புதிய ரெகுலேட்டரின் உடம்பில் அழுத்தினான். மறு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தான். "போய் மிதிங்க" என்றான். அவள் மிதித்தாள்.

"அணைஞ்சிருச்சு!" என்று முன்னாலிருந்து கத்தினாள்.

அவன் வயரை எடுத்தான். "இப்ப?"

அவள் சொன்ன வார்த்தையை எழுத முடியாது. விளக்கு எரிகிறது என்பது அதன் சாரம்.

"எர்த் கிடைக்கல, தோனா. ரெகுலேட்டரோட உடம்பு வண்டியோட உடம்பைத் தொடணும். உங்க பெயிண்டர் நடுவுல மெத்தை விரிச்சிருக்கான். ஸ்க்ரூ ஓட்டைக்குள்ளகூட பெயிண்ட். போதாததுக்கு, பெயிண்ட்ல கீறல் விழக்கூடாதுன்னு ரப்பர் வாஷர் வேற." அவன் காபியை உறிஞ்சினான். "கொஞ்சம் சுரண்டணும். நகமளவு போதும்."

ஜுரேமா ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி வந்தாள்.

"அந்த வயரையே விட்டுடேன்."

"இந்தக் கல்லு ரோட்டுல ரெண்டு மணி நேரம் நிக்குமா? கழண்டு விழும். புனிதர் பல்பு இல்லாம நின்னா ஊரு அவரையா திட்டும்? என்னைத்தான்."

"நேர்ச்சைடா. நகமளவுகூட விடமாட்டேன்னு வாயால சொன்னேன்."

"'கிட்டத்தட்ட முழுக்க'ன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"கண்ணு தெரியாத பயத்துல சொன்னது. பயத்துல எவ 'கிட்டத்தட்ட'ன்னு சொல்லுவா?"

"சரி, ரெகுலேட்டருக்கு அடியில எட்டிப் பாக்கறதுதான் அவருக்கு வேலையா?"

"ஓட்டுநருங்களோட புனிதரு. வேற எங்க பாப்பாரு?"

நம்பாதவனுக்கு நம்புகிறவர்களின் தர்க்கத்தில் எப்போதும் இதே சிக்கல்தான். உள்ளே போய்விட்டால் சுவர்கள் நேராகவே நிற்கின்றன. நேர்ச்சையை முழுதாகக் காப்பாற்றினால் வண்டி புனிதரைச் சுமக்காது. சுமந்தால் நேர்ச்சையில் ஓட்டை விழும்.

நாலு மணிக்குக் கால்மணி இருக்கும்போதே அதெமாரின் பிக்கப் வந்து நின்றது. கழுவித் துடைத்திருந்தார்.

"என்ன தோனா, புனிதரை மாத்திடலாமா? என் வண்டியில ஏசிகூட இருக்கு."

"அவர் வெளியில நிக்கப் போறாரு, அதெமார். ஏசி உனக்குத்தான்."

இதைச் சொன்ன வேகத்திலேயே அவள் பெல்மீரோவின் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்தாள். ரெகுலேட்டரை மறுபடி அவிழ்த்தாள். ரப்பர் வாஷர்களைத் தூக்கி எறிந்தாள். வலது கட்டைவிரலைப் பெயிண்டின் மேல் வைத்து அளவு பார்த்து, அந்த இடத்தை மட்டும் தேய்த்தாள். நீலம் தூளாக உதிர்ந்து இரும்பு வெளுத்தது. மீண்டும் விரலை வைத்துப் பார்த்தாள். அதற்குமேல் ஒரு மயிரளவும் தேய்க்கவில்லை. ரெகுலேட்டரை அதன் மேல் அழுத்தி ஸ்க்ரூவை முறுக்கினாள்.

பிறகு பெயிண்டர் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்த நீலப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். குச்சியில் தொட்டு, அதே கட்டைவிரல் நகத்தில் தடிமனாகப் பூசிக்கொண்டாள்.

"இது என்ன கூத்து?" என்றான் பெல்மீரோ.

"வண்டியில எடுத்த நீலத்தை வண்டிக்கே திருப்பி வைக்கிறேன்."

"இது உங்க விரலு, தோனா."

"முப்பத்தோரு வருஷமா இதே சீட்டுல உக்காந்திருக்கேன். என்னைக் கழட்டிட்டா இது ஓடிடுமா? நானும் இதுல ஒரு பாகம்தான்."

பெல்மீரோ அந்த வாதத்தை வயர் வயராகத் தடவிப் பார்த்தான். "கனெக்‌ஷன் கொஞ்சம் லூசு" என்றான் கடைசியில். "ஆனா ஓடும்." அவன் வாயிலிருந்து வந்த பாராட்டுகளில் இதுவே பெரியது.

அவள் வண்டியை முடுக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. அதெமார் ஜன்னலுக்குள் தலையை விட்டு, ஒரு நிமிஷம் ஓடட்டும் என்றார். பன்னிரண்டு பல்புகளையும் போட்டு, ஒலிபெருக்கியையும் திறந்துவிட்டு, ஜுரேமா நின்ற இடத்திலேயே என்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டாள். முட்டைப் பதிவு மூன்று தடவை சுற்றி வந்தது. மூன்று தடவையும் விலையைத் திருத்தினாள்.

"சரி, என் வண்டி பின்னாடி வரட்டும்" என்றார் அதெமார், காதைத் தேய்த்துக்கொண்டு. "எதுக்கும் ஒரு காவலுக்கு."

"வரட்டும். எல்லாரும் பின்னாடிதானே வர்றாங்க."

ஞாயிறு மாலை வேன் முதல் கியரில் முனகிக்கொண்டு மேடேறியது. கூரையில் புனிதர் லேசாகச் சாய்ந்து நின்றார். அது அவர் வழக்கம். தலையைச் சுற்றி ஒளி நடுங்கியதே தவிர அணையவில்லை. ஜுரேமா சாலையைப் பார்த்ததைவிட எரியாத அந்தச் சிவப்புக் கண்ணாடிப் புள்ளியைத்தான் அதிகம் பார்த்தாள். கண் மருத்துவர் பார்த்திருந்தால் உரிமத்தைப் பிடுங்கியிருப்பார்.

உச்சியில், கோவில் வாசலில், பங்குச் சாமியார் ஒவ்வொரு வண்டியாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஜுரேமாவின் ஜன்னலருகே அவர் கை நின்றது.

"விரலுக்கு என்னம்மா ஆச்சு?"

"நேர்ச்சை, சாமி. வண்டியில கொஞ்சம் இடம் பத்தல."

அவர் மேலும் கேட்க வாயெடுத்தார். இந்த ஊரில் நாற்பது வருடம் பாவசங்கீர்த்தனம் கேட்டவர், வாயை மூடிக்கொண்டார். ஜுரேமா கட்டைவிரலை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

"இதுக்கும் ரெண்டு சொட்டு தெளிங்க, சாமி. இதுவும் வண்டியைச் சேர்ந்ததுதான்."

அவர் தெளித்தார். அவள் விரலை உள்ளே இழுத்து, துடைக்காமல், கியரைப் போட்டாள். ஊர் பின்னால் வந்தது.