மீனலோசனி பாடிய சுவீடன் பாட்டு

சுவீடனுக்குப் போன தம்பி பரமலிங்கம் கடிதம் எழுதுவதில்லை. கசற்றில் பேசித்தான் அனுப்புவான். 1986 மாசியில் நெடுந்தீவுக்கு வள்ளத்தில் வந்த கசற்றையும், மாடுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்த மீனலோசனி றெக்கோடரில் போட்டாள். குளிரைப் பற்றிச் சொன்னான், எல்லாரையும் சுகம் விசாரித்தான், "சரி அக்கா, இவ்வளவுந்தான்" என்று முடித்தான். அவள் நிறுத்தப் போனாள். அதற்குள், கசற்றில் முன்பே பதிந்திருந்த ஒரு பாட்டு கிளம்பியது.

ஒரு பெண் பாடினாள். பக்கத்தில் கிற்றார் வழுக்கி வழுக்கி அழுதது. தீவின் வெட்டவெளியில் கட்டாக்காலிக் குதிரைகள் அவசரமில்லாமல் ஓடுமே, அந்த நடையில் தாளம் போனது. மீனலோசனியின் கை பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது.

படலையைத் திறந்துகொண்டு வந்த கணவன் வல்லிபுரம் அவளுடைய கண்ணீரைப் பார்த்துப் பதறிப்போனான். "என்னப்பா, பரமலிங்கத்துக்கு ஏதுமோ?"

"அவன் சுகமா இருக்கிறான். இந்தப் பெட்டை பாடுறதை ஒருக்காக் கேளுங்கோ."

பாட்டு இங்கிலீசு என்றுதான் பக்கத்து வீட்டுப் பிலோமினம்மாவும் நினைத்தாள். பள்ளிக்கூடத்து இங்கிலீசு வாத்தியார் வேலியோடு நின்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இது இங்கிலீசில்லைப் பிள்ளை. சுவீடன் பாசையாக்கும். மெட்டு மட்டும் அமெரிக்காவிலை மாடு மேய்க்கிறவையின்ரை மெட்டு."

"மாடு மேய்க்கிறவையோ இப்பிடிப் பாடினம்?" மீனலோசனி தன் மாடுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

பற்றறி இறங்கினால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டாள். சாணி அள்ளும்போதும் அந்தப் பாட்டுத்தான். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் செத்துப்போன யாரையோ நினைத்துப் பாடுகிறாள் என்று முடிவுகட்டியிருந்தாள். தம்பிக்குப் பதில் பேசி அனுப்பியபோது, வெட்கத்தை விட்டுக் கடைசியில் அதைப் பாடியும் வைத்தாள்.

ஆனியில் பரமலிங்கத்தின் கசற் வந்தது.

"அக்கா, நீங்கள் பாடினதைப் பக்டரியிலை சாப்பாட்டு நேரம் போட்டனான். எல்லாரும் கரண்டியைக் கீழை வைச்சிட்டினம். ஒரு கிழவன் கூடச் சேர்ந்து பாடவும் தொடங்கிட்டான். நீங்கள் பாடினது அவைக்கு விளங்குது அக்கா! பாட்டிலை, தூர இடத்துக்கு லொறி ஓட்டுறவன் ஒருத்தன் திரும்பி வாறானாம். நீங்கள் இழுத்து இழுத்துப் பாடுற 'ஹெம்' எண்டது வீடு."

"லொறிக்காரனோ!" என்று வல்லிபுரம் விழுந்து விழுந்து சிரித்தான்.

மீனலோசனிக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கே விளங்காத சொற்கள் தன் வாயிலிருந்து புறப்பட்டு, கடல் தாண்டி, முகம் தெரியாத மனிதரிடம் அவர்களுடைய சொந்தச் சொற்களாகவே போய்ச் சேர்ந்திருக்கின்றன. லொறி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஒருவனுக்காக இவ்வளவு உருகலாமா? உருகலாம் போலத்தான் இருந்தது. தன் தொண்டையை அவள் மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"கசற்றின்ரை மற்றப் பக்கம் முழுக்க அந்தப் பாட்டுக்காரியின்ரை பாட்டுத்தான்," என்று முடித்தான் தம்பி.

அவள் கசற்றைத் திருப்பிப் போட்டாள். வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டாள்.

"பிலோமினம்மா! அடுப்பை அணைச்சிட்டு ஓடி வாங்கோ!"