சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் வகுப்பு

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உடன்பிறந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அக்கா திருநெல்வேலியில் பிறந்தவர். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்த அப்பாவோடு சிறுவயதிலேயே அங்கே வந்தார். அம்மா சீக்கிரமே காலமாகிவிட, அடுப்பையும் படிப்பையும் ஒன்றாகப் பார்த்து ஆங்கில ஆசிரியை ஆனார். என்னைப் படிக்க வைத்ததும் அவரே.

ஓய்வுக்குப் பின் ஆரியசாலை வீட்டின் முன்னறையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்கள் சொல்லிக்கொடுத்தார். அடுத்த அறையில் நானும் டியூஷன் எடுத்தேன். என்னிடம் படித்த பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், மறுநாள் மறப்பார்கள். அக்காவோ லத்தீன், கிரேக்க வேர்களைக் காட்டிச் சொல்லைப் பிரித்து வைப்பார்.

"பயோன்னா உயிர், கிராப்னா எழுத்து."

"அப்ப பயோகிராபி உயிரெழுத்தா டீச்சர்?" என்றாள் ஒரு சிறுமி. அந்த அறையே சிரித்தது. என் பிள்ளைகளும் பேனாவை வைத்துவிட்டு அங்கே காதுகொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

என் மகளும் அந்தப் பக்கம்தான். வந்து மலையாளம் கலந்த தமிழில் என்னிடமே சொல்வாள்: "போர்ட்னா சுமக்கறது அம்மா. போர்ட்டர், எக்ஸ்போர்ட் எல்லாம் ஒரே வேர். மனப்பாடம் செய்யாண்டாம், கேட்டோ."

அக்காவிடமே கேட்டேன்: "என் மகளையும் எடுத்துக்கிட்டியே?"

"உனக்குப் பொறாமை, அல்லே?"

"ஆமா."

"நல்லா பொறாமைப்படு. அப்பவாவது நீ வேர் படிப்பே."

வீம்புக்கு நான் படிக்கவில்லை.

பக்கவாதம் வந்து அக்காவின் பேச்சு நின்றது. மகள் கட்டிலருகே அமர்ந்து வேர்களைச் சொல்வாள். அக்காவின் முகம் மலரும், வார்த்தை வராது. நான் போனாலும் அவர் கண்கள் மகளைத்தான் தேடும்.

மகள் தேர்வுக்குப் போயிருந்த ஒரு காலையில் நான் அமர்ந்தேன். "ஹைட்ரஜன் வாயுதானே அக்கா? அப்ப ஹைட்ரோன்னா காத்து."

உதடு அசைந்தது. "தண்ணி."

பேசிவிட்டாரே என்று ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். அக்கா அதைத் தள்ளினார்.

"ஹைட்ரோ... தண்ணிடீ."

தாகமில்லை, என்னைத் திருத்தியிருக்கிறார். சிரித்தபடியே அழுதேன். அதன்பின் அவர் பேசவில்லை. சில நாளில் விடைபெற்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலியே" என்று மகள் இன்னும் குறைபடுகிறாள்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியருக்கும், கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், மாறிமாறித் துணையிருந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. மாணவர்களே, அக்காவின் குரலை என்னைவிட அதிகம் கேட்டவர்கள் நீங்கள். அந்தப் பொறாமை எனக்குத் தீரவில்லை. கடைசி வார்த்தையை மட்டும் யாருக்கும் தரமாட்டேன். அது எனக்கு வந்தது.