பரிசலுக்கு அடியில்

ஒகேனக்கல்லுக்கு மேலே ஆற்று நடுவில் ஒரு திட்டு உண்டு. என் அக்காவும் அவள் புருஷனான மாமாவும், இன்னும் நாலு குடும்பமும் அங்கே குடிசை போட்டு மீன் பிடித்தார்கள். நான் கரையில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். தண்ணீரில் கலக்கும் குளோரின் விஷவாயுவாகக் கசிந்தால் என்ன செய்வதென்று எங்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்து, ஊருக்கு ஊர் ஆபத்துக்கால ஏற்பாடு என்று அச்சடித்த தாளும் தந்தார்கள். ‘வீட்டுக்குள் சென்று கதவு, ஜன்னல்களைச் சாத்திக்கொள்ளவும்’ என்று இருந்தது. ஓலைத் தட்டிக்கு ஏதய்யா ஜன்னல்? வந்த ஆத்திரத்தில் கிழித்துப் போட்டேன்.

நானே பரிசலில் போய்ச் சொன்னேன். “வெள்ளத்துல சிலிண்டரு, டிரம்மு எது வந்தாலும் தொடாதீங்க. மூக்கு எரியிற நெடி அடிச்சா அந்தப் பாறை மேல ஏறிடுங்க. அந்தப் புகை கீழதான் படுக்கும்.”

மாமா சிரித்தார். “எது வந்தாலும் பரிசலு இருக்குது மாப்ள. கவுத்துட்டு உள்ள பூந்துக்குவோம்.”

ஆலங்கட்டி மழைக்கும் சூறைக்காற்றுக்கும் அவர்கள் வழக்கம் அதுதான். “பவுடர் கலக்கறவன் டாக்டராட்டம் பேசறான் பாரு” என்று அக்கா வேறு கிண்டலடித்தாள். எக்கேடோ கெடுங்கள் என்று திரும்பிவிட்டேன்.

ஆடி வெள்ளம் ஒரு துருப்பிடித்த சிலிண்டரைத் திட்டில் ஒதுக்கிவிட்டுப் போனது. எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது. வெள்ளம் வடிந்த ஒரு பகலில் அக்காவுக்கு அரிசி கொண்டுபோனேன். பாதி ஆற்றிலேயே டங் டங்கென்று சம்மட்டிச் சத்தம். பித்தளை வால்வுக்காகத் திட்டுக்காரன் ஒருவன் அந்தச் சிலிண்டரை உடைத்துக்கொண்டிருந்தான்.

“நிறுத்துடா!” தொண்டை கிழியக் கத்தினேன்.

அடுத்த அடியில் வால்வு தெறித்து அவன் தாடையைப் பிளந்தது. மஞ்சளும் பச்சையுமாகப் புகை தரையோடு தரையாக ஊர்ந்தது. ஒருவரும் பாறைக்கு ஓடவில்லை. பரிசல்களைக் கவிழ்த்து உள்ளே நுழைந்தார்கள். அடப் பாவிகளா!

துண்டை ஆற்றில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, துடுப்போடு பாய்ந்தேன். பரிசல்களைப் புரட்டி, கிடந்தவர்கள் முதுகில் விளாசி, மாடு ஓட்டுவதுபோல் பாறைக்கு விரட்டினேன். கடைசிப் பரிசலில் அக்காவும் மாமாவும். அக்கா விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. முடியைப் பிடித்துக் கல்லிலும் முள்ளிலும் இழுத்தேன். என் கையை ரத்தம் வரக் கடித்தாள். விடவில்லை. மேலே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மறுபடி இறங்கினேன்.

மாமா பரிசலை இழுத்துத் தன்மேல் மூடிக்கொண்டிருந்தார். எனக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்த மனுஷன். அவர் எதிரில் நான் லுங்கியை மடித்துக் கட்டியதுகூட இல்லை.

“மாமா, வெளிய வாங்க மாமா, உங்க கால்ல வுழறேன்.”

“நீ போ மாப்ள, இது அடங்கட்டும்.” இருமலுக்கு நடுவே சொன்னார்.

இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். துடுப்பு என் கையில்தான் இருந்தது. கண் தெரியாமல் போகவே பாறைக்கு ஓடினேன். காற்று திரும்பியபின் வந்து பரிசலைப் புரட்டினால், வாயெல்லாம் நுரை. கரை சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த அன்று அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

“இத ஒடச்சதுக்கு உன்னைய ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாள். “அவர ஏன்டா அடிக்காம வுட்ட?”